எல்லைக்கு இந்தப் பக்கம்

காங்ஷி ஆட்சி, இருபத்து நான்காம் ஆண்டு, ஆறாம் மாதம்.

நாகசாகியில் இருக்கும் ஆ-யுவானின் அப்பா அவர்களுக்கு வணக்கம்.

நான் நலம். ஆ-யுவானும் நலம். நீங்கள் நலமாக இருப்பதை உங்கள் கடிதம் சொல்லித் தெரிந்துகொண்டேன். அது என் கைக்கு வந்து ஐந்து மாதமாகிறது. பதில் எழுத ஏன் இத்தனை நாள் என்று நினைப்பீர்கள். முதல் மாதம் அழுதேன். அடுத்த மாதம் கோபப்பட்டேன். அதற்குப் பிறகு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இப்போது தெற்குக் காற்று அடிக்கிறது. நாகசாகி போகும் கப்பல் இன்னும் நான்கு நாளில் பாய் விரிக்கப் போகிறது. இதை விட்டால் நீங்கள் கிளம்புவதற்கு முன் உங்கள் கையில் எந்தக் கடிதமும் சேராது.

உங்கள் கடிதம் பழைய ஊருக்குத்தான் போயிருக்கிறது. எதிர்வீட்டு ஹோ அக்காவை நினைவிருக்கிறதா? ஊர் திரும்பி, இடிந்த சுவர்மேல் ஓலை போட்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள்தான் அதை வாங்கி, கருவாட்டுக் கூடையில் மறைத்து, அரை நாள் நடந்து என்னிடம் கொண்டுவந்தாள்.

அதில் நீங்கள் எழுதியிருந்தது இது. கடல் திறந்துவிட்டது, வருகிற குளிர்காலத்தில் முதல் வடகாற்றுக்கே வந்துவிடுவேன். அம்மாவுக்கு எண்பது வயது நடக்குமே, பஞ்சு வைத்துத் தைத்த சட்டை ஒன்று வாங்கியிருக்கிறேன். ஆ-யுவானுக்குக் கல்யாணம் ஆகியிருந்தால் மருமகளுக்கு என்ன வாங்கட்டும்? நானும் உன்னைப் போலத் தனியாகவே இத்தனை வருஷம் காத்திருந்தேன்.

கடைசி வரியை மட்டும் முதலில் முடித்துவிடுகிறேன். கடிதம் கொண்டுவந்த மாலுமி ஹோ அக்காவிடம் தேநீர் குடித்துக்கொண்டே நிறையப் பேசியிருக்கிறான். உங்கள் வீடு கோயிலுக்குப் பின் தெருவில் இருப்பதையும், அங்கே ஒரு அம்மாள் உங்களுக்குச் சமைத்துப் போடுவதையும், இரண்டு பெண் பிள்ளைகள் உங்களைப் போலவே நெற்றி உயர்ந்து இருப்பதையும் சொல்லியிருக்கிறான். நான் அதற்காகக் கோபப்படவில்லை. காத்திருந்ததாக எழுதினீர்களே, அதற்குத்தான் கோபம். உள்ளதை எழுதியிருந்தால் நானும் உள்ளதைச் சுலபமாக எழுதியிருப்பேன்.

எனக்கு எழுதத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். கடைத்தெருவில் கடிதம் எழுதிக் கொடுக்கிறவர்களிடம் இதைச் சொல்ல முடியாது. இந்த ஊரில் இதைக் கேட்கக்கூடிய மனிதர் ஒருவர்தான். அவர்தான் எழுதுகிறார். பெயர் லியாவ். இருபத்திரண்டு வருஷமாக நான் இருப்பது அவர் வீட்டில், அவர் மனைவியாக. ஆத்திரம் வந்தால் கடிதத்தைக் கீழே வையுங்கள். ஒரு நாள் கழித்து எடுத்துப் படியுங்கள். ஆனால் முழுக்கப் படிக்காமல் கப்பல் ஏறிவிடாதீர்கள்.

நீங்கள் ஆறாம் மாதம் கிளம்பினீர்கள். ஒன்பதாம் மாதம் குதிரைப்படை வந்தது. கடலுக்கு அப்பால் தீவில் இருந்த கலகத் தளபதிக்கு நம்மைப் போன்ற கரையோர ஜனங்கள்தான் அரிசியும் இரும்பும் கயிறும் கொடுக்கிறோமாம். அதனால் கரையில் மனிதனே இருக்கக்கூடாது என்று தலைநகரத்தில் முடிவாகிவிட்டது. மூன்று நாள் கொடுத்தார்கள். கரையிலிருந்து அரை நாள் நடை தூரத்துக்கு உள்ளே போய்விட வேண்டும். எங்கே போவது, எதைச் சாப்பிடுவது, யார் நிலம் தருவார்கள் என்று அந்த அறிவிப்பில் ஒரு சொல் இல்லை. தங்கினால் தலை போகும் என்பது மட்டும் தெளிவாக இருந்தது.

மூன்றாம் நாள் காலையிலேயே தீ வைத்தார்கள். நம் வீட்டுச் சுவர் சிப்பி ஓடு வைத்துக் கட்டியதுதானே, அது எரியவில்லை, வெடித்தது. படகுகளை இழுத்துப் போட்டுக் கோடாலியால் பிளந்தார்கள். சிப்பி வளர்வதற்காக உங்கள் அப்பா கடலோரம் நட்டுவைத்த கற்களை எருதுகளைப் பூட்டி இழுத்துச் சாய்த்தார்கள். நான்கு வயது ஆ-யுவானை நான் தூக்கிக்கொண்டேன். அத்தை அரிசிப் பானையையும் உங்கள் அப்பாவின் நினைவுப் பலகையையும் எடுத்துக்கொண்டார்கள். வழியில் ஒரு குன்றின் மேல் ஆட்கள் கயிறு பிடித்து நின்றார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் செத்த நிலம், இந்தப் பக்கம் உயிருள்ள நிலம். ஒரு வீட்டின் நடுவே கயிறு போனது. அந்த வீட்டின் பாதியை மட்டும் இடித்தார்கள்.

உள்நாட்டு ஊர்க்காரர்கள் எங்களை வரவேற்பார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. அவர்களும் ஏழைகள்தான். எங்களைக் 'கவிச்சி நாத்தம்' என்று கூப்பிட்டார்கள். ஒரு குலக்கோயிலின் மாட்டுக்கொட்டிலில் முப்பது பேர் படுத்தோம். முதல் குளிர்காலத்தில் காய்ச்சல் வந்தது. அது எங்களிடமிருந்து அவர்களுக்கும் பரவியது. அதற்குப் பிறகு கிணற்றுப் பக்கம் போனாலே கல்லெறிந்தார்கள். நான் புல்வேர் தோண்டினேன், அடுத்தவர் வயலில் களை பிடுங்கினேன், ஒரு பிடி தவிட்டுக்காக நாய்களோடு சண்டை போட்டேன். இதையெல்லாம் விரிவாகச் சொல்ல விருப்பமில்லை.

கயிறு இருந்த இடத்தில் பிறகு பள்ளம் வெட்டி, மண்சுவர் எழுப்பி, காவல் கோபுரம் கட்டினார்கள். அந்த மண்ணைச் சுமந்தது நாங்கள்தான்.

இரண்டாம் வருஷம் பன்னிரண்டாம் மாதம். ஆ-யுவானின் வயிறு வீங்கிக் கால்கள் குச்சியாகிவிட்டன. விடியற்காலை மூடுபனியில் சுவரின் ஒரு உடைசல் வழியாகச் சிலர் கடற்கரைக்குப் போய் வருவது எல்லோருக்கும் தெரியும். சாய்த்துப் போட்ட கற்களிலும் சிப்பி ஒட்டிக்கொண்டுதான் இருந்தது, அதற்கு அரசாணை தெரியாதே. நான் போகிறேன் என்றேன். அத்தை என் கூடையைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

"நீ செத்தா இவனுக்கு யாருடி இருக்கா? நான் செத்தா ஒரு வாய் மிச்சம். வழிய விடு."

நான்கு முறை போய் வந்தார்கள். அந்தச் சிப்பியைத் தவிட்டுக் கஞ்சியில் போட்டுக் கொடுத்ததில் பிள்ளையின் முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்தது. ஒவ்வொரு முறையும் ஐந்தாறு சிப்பிக்கு மேல் அத்தை தின்றதில்லை. ஐந்தாவது முறை, புது வருஷம் பிறக்க எட்டு நாள் இருக்கும்போது, போன அத்தை திரும்பவில்லை.

நண்பகலில் எங்கள் எல்லோரையும் சுவர் வாசலுக்கு வரச் சொன்னார்கள். அங்கே அத்தையைக் கிடத்தியிருந்தார்கள். எப்படி என்று நான் எழுதச் சொல்லமாட்டேன். முகம் தெரிந்தது, அது போதும். பக்கத்தில் கூடை. காவல்காரர்கள் இரண்டு பேர் குந்தி உட்கார்ந்து அந்தச் சிப்பிகளைக் கத்தியால் திறந்து தின்றுகொண்டிருந்தார்கள்.

எல்லை தாண்டியவரின் வீட்டார் அனைவருக்கும் அதே தண்டனை. பக்கத்துப் பத்து வீட்டுக்கும் சவுக்கடியும் நாடுகடத்தலும். அதனால்தான் வரிசையில் நிறுத்திக் கேட்டார்கள், இது யார் வீட்டுக் கிழவி என்று. ஒவ்வொருவராகத் தெரியாது என்றார்கள். ஹோ அக்கா தெரியாது என்றாள். என் முறை வந்தது. நான் அத்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு, "எனக்குத் தெரியாதுங்க, இந்தம்மாவ நான் பார்த்ததே இல்ல" என்றேன்.

இருபத்திரண்டு வருஷமாக இந்த வார்த்தை என் வாயில் இருக்கிறது. உங்கள் தாயைத் தெரியாது என்று சொன்னவள் நான். பஞ்சுச் சட்டை வேண்டாம்.

நான் சொல்லி முடிப்பதற்குள் ஆ-யுவான் என் கையை உதறிக்கொண்டு "பாட்டி" என்று கூப்பிட்டான். இரண்டு முறை கூப்பிட்டான். படைத் தலைவன் திரும்பிப் பார்த்தான்.

அந்த ஊர்ப் பதிவேட்டை வைத்திருந்தவர் லியாவ். முன்பு பள்ளி ஆசிரியர். எழுதத் தெரியும் என்பதால் எல்லை ஆட்களைக் கணக்கெடுக்கும் வேலையை அவர் தலையில் கட்டியிருந்தார்கள். அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியவரில்லை. பதிவேட்டை இடுக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"பையன் நம்ம வீட்டுப் பையனுங்க. அவன் பாட்டி போன மாசம் காய்ச்சல்ல போயிட்டாங்க. அதுலேருந்து எந்தக் கெழவியப் பார்த்தாலும் பாட்டிங்கறான்."

அந்தப் பெண் யார் என்று தலைவன் என்னைக் காட்டிக் கேட்டான். லியாவ் பதிவேட்டைப் புரட்டி ஒரு பக்கத்தில் விரலை வைத்து நீட்டினார்.

"என் சம்சாரம். பேரு சூயிங். பையன் வென்கே, அஞ்சு வயசு. இங்க இருக்கு பாருங்க."

அவருடைய மனைவியும் மகனும் எங்களால் வந்த காய்ச்சலில் முதல் குளிர்காலத்திலேயே இறந்துபோனவர்கள். ஊருக்கே அது தெரியும். ஊர் வாயைத் திறக்கவில்லை. எங்கள்மேல் அன்பினால் அல்ல, பத்து வீடு என்றால் அதில் தங்கள் வீடும் வரும் என்ற பயத்தினால். தலைவனுக்கு எழுத்தில் இருந்ததே போதும். போகச் சொன்னான். நான் அந்த மனிதருக்குப் பின்னால் நடந்து அவர் வீட்டுக்குள் போனேன். அத்தையைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எல்லோரும் செத்திருப்போம்.

ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று பல நாள் கழித்துக் கேட்டேன். செத்தவர்களின் பெயரைப் பதிவேட்டில் அடிக்கத் தன் கை வரவில்லை என்றார். வருஷம் முழுக்க அடிக்காமலே வைத்திருந்தாராம். "ரெண்டு எடம் காலியா கெடந்துச்சு. நீங்க ரெண்டு பேரு நின்னுக்கிட்டிருந்தீங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இன்றுவரை அதற்குமேல் சொன்னதில்லை.

இப்போது அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, தன்னைப் பற்றி நல்லதாக மட்டும் எழுதாதே என்கிறார். முதல் நாள் குன்றின் மேல் கயிற்றைப் பிடித்து நின்றவர்களில் தானும் ஒருவன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமாம். சொல்லிவிட்டேன்.

மாதா மாதம் ஆள் எண்ண வருவார்கள். வீட்டில் மனைவியும் மகனும் இருக்க வேண்டும். மூன்று வருஷம் நடுவே கோரைப்பாய் கட்டித் தூங்கினோம். அவர் ஒரு நாளும் அந்தப் பாயைத் தொட்டதில்லை. உங்களிடமிருந்து ஒரு சேதி வராதா என்று நான் காத்திருந்தேன். கடலில் ஒரு பலகைகூட மிதக்கக்கூடாது என்று சட்டம், சேதி எப்படி வரும்? நான்காவது வருஷம் அந்தப் பாயை எடுத்தது நான்தான். எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள், இப்போது பதினெட்டு வயது. என் சொந்தப் பெயர் அவளுக்குத் தெரியாது. செத்துப்போன ஒருத்தியின் பெயரைத்தான் இந்தத் தெருவில் எல்லோரும் சொல்லி என்னைக் கூப்பிடுகிறார்கள். நானும் திரும்பிப் பார்க்கிறேன்.

எல்லையை இடையில் ஒரு முறை தளர்த்தினார்கள், மறுபடி இறுக்கினார்கள். கலகக்காரர்களின் தீவு விழுந்தபின் ஒரேயடியாகத் திறந்துவிட்டார்கள். சுவரோரம் கிடந்த எலும்புகளை மடத்துத் துறவிகள் பொறுக்கி ஜாடிகளில் போட்டு ஒரே குழியில் புதைத்தார்கள். நாற்பத்தாறு ஜாடி. எதில் அத்தை இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. முன்னோர் கல்லறை துடைக்கும் நாளில் கீரை பறிக்கப் போவதுபோல் போய், நாற்பத்தாறுக்கும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டு வருகிறேன். உங்கள் அப்பாவின் நினைவுப் பலகையை மட்டும் காப்பாற்றினேன். உத்தரத்துக்கு மேல் வைக்கோலில் சுற்றி இருக்கிறது.

இப்போது துறைமுகத்தைப் பார்த்தால் நீங்கள் நம்பமாட்டீர்கள். படகைப் பிளந்த அதே அரசு, படகு கட்டுங்கள் என்கிறது. வருகிற சரக்குக்கெல்லாம் வரி வாங்கப் பெரிய மண்டபம் எழுப்பியிருக்கிறார்கள். கடலை அஞ்சியவர்களுக்குக் கடல் கறக்கிற பசுவாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. நம் ஊர் எல்லையில் ஒரு கல்வெட்டு நட்டிருக்கிறார்கள், மக்களைச் சொந்த மண்ணுக்குத் திரும்ப அனுமதித்த பேரருளுக்கு நன்றி என்று. நம்மவர்களே ஊதுவத்தி கொளுத்திக் கும்பிட்டார்களாம். துரத்தியது யார் என்று கல்லில் இல்லை. நம் நிலத்தை, கையில் பத்திரம் வைத்திருந்த யாரோ ஒருவன் உழுகிறான். சிப்பிக் கற்களை ஹோ அக்கா வீட்டார் நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள். உங்களுக்குப் பங்கு உண்டு என்று அவளே சொன்னாள்.

இனி ஆ-யுவான். இந்தக் கடிதத்தைத் தள்ளிப்போட்டதே இவனுக்காகத்தான்.

அவனுக்கு இருபத்தெட்டு வயது. லியாவ் அவனைத் தன் பிள்ளையாகவே படிக்கவைத்தார், அடித்தும் படிக்கவைத்தார். கல்யாணமாகிவிட்டது, மருமகளுக்கு இது ஏழாம் மாதம். அந்த வரி மண்டபத்தில்தான் போன வருஷத்திலிருந்து எழுத்தர் வேலை. அந்த வேலைக்கு மூன்று தலைமுறை விசாரித்தார்கள். தாத்தா யார், தகப்பன் யார், குடும்பத்தில் கடல் கடந்தவன் உண்டா, எல்லைத் தண்டனை பெற்றவர் உண்டா. லியாவ் வம்சத்தில் அப்படி யாரும் இல்லை. வென்கே என்ற பெயரில் எல்லாம் சுத்தமாக இருக்கிறது.

நீங்கள் வந்து இவன் என் மகன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழைய பதிவேட்டைத் திறப்பார்கள். எல்லைச் சட்டம் போனாலும் அரசாங்கத்தை ஏமாற்றியதற்கான சட்டம் போகவில்லை. முதலில் லியாவின் தலை. அடுத்து உங்கள் மகனின் வேலையும் அவன் வீடும். பிறக்கப் போகும் பிள்ளைக்கு எந்த வம்சத்தின் பெயரை எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியாது.

பாட்டி என்று கூப்பிட்டது அவனுக்கு நினைவிருக்கிறதா என்று நான் கேட்டதில்லை. அவனும் எதையும் கேட்டதில்லை. ஆனால் சிப்பி மட்டும் தின்னமாட்டான். யார் வீட்டு விருந்திலும் தட்டைத் தள்ளி வைத்துவிடுவான்.

நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நீங்களும் என்னிடம் கேட்க வேண்டாம். நீங்கள் ஒரு தப்பும் செய்யாமல் கப்பலேறினீர்கள், நான் ஒரு தப்பும் செய்யாமல் வீட்டில் இருந்தேன். நம் இருவருக்கும் நடுவே யாரோ ஒருவர் தலைநகரத்தில் உட்கார்ந்து கோடு போட்டார். அவர் நன்றாக வாழ்ந்து, படுக்கையில் செத்திருப்பார்.

வராதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அத்தையின் குழிக்கு நீங்கள் மண் போட வேண்டும். பலகையையும் உங்களிடம் சேர்க்க வேண்டும், அதை ஹோ அக்கா வீட்டில் கொடுத்துவைக்கிறேன். வாருங்கள். அவள் வீட்டில் தங்குங்கள். மேற்கே அரை நாள் நடையில் இருக்கும் எங்கள் தெருவுக்கு மட்டும் வராதீர்கள். உங்களைப் பார்த்தால் நான் என் சொந்தப் பெயருக்குத் திரும்பிவிடுவேன். அதற்கு எனக்கு உரிமையில்லை. வேலை முடிந்ததும் தெற்குக் காற்றுக்கு நாகசாகி திரும்புங்கள். அந்த இரண்டு பெண்களும் உங்களுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த அம்மாளிடமும் உள்ளதைச் சொல்லிவிட்டு வாருங்கள்.

கப்பலிலிருந்து இறங்கியதும் எல்லோரையும் அந்த மண்டபத்தில்தான் வரிசையில் நிற்கவைப்பார்கள். மூன்று மேசை இருக்கும். ஜன்னலோரம், இடது புருவத்தில் தழும்போடு உட்கார்ந்திருப்பவன்தான். மற்ற இரண்டு வரிசையும் வேகமாக நகரும், அதில் போகாதீர்கள். பெயர் கேட்பான், ஊர் கேட்பான், சரக்கு என்ன என்று கேட்பான். சொல்லுங்கள். இங்கே உறவு யாராவது உண்டா என்று கேட்பான். யாருமில்லை என்று சொல்லுங்கள்.

கடல் தாய் உங்களைக் காற்றிலும் அலையிலும் காத்துக் கொண்டுவந்து சேர்க்கட்டும். திரும்பவும் கொண்டுபோய்ச் சேர்க்கட்டும். உங்களுக்கு அறுபதும் எழுபதும் நிறையட்டும்.

அவன் தலை நிமிராமல் எழுதுவான். ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்தி நிறுத்தி எழுதுவான், மெதுவாக எழுதுகிறான் என்று மேலதிகாரி திட்டுவாராம். அதனால் உங்களுக்கு நேரம் கிடைக்கும். அவசரப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஆ-யுவானின் அம்மா